படுவான்கரையில் மூன்று அங்குலம்

கல்லடியில் மச்சானின் வீட்டு முற்றத்தில் அது நின்ற கோலத்தைப் பார்த்ததும், மழைவெள்ளத்தில் சாரனைத் தொடைவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் மனிதர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். கூரையில்லாத சிவப்பு ஃபைபர் உடல். பின்னால் திறந்தபடி தொங்கும் எஞ்சின். முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. உடலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் சுற்றிவர ஒரு வெளி. அந்த வெளிக்குள் வரிசையாக மரக்கட்டைகள்.

“மூணு இஞ்சி உசத்தியிருக்கன் மச்சான். பாலை மரக் கட்டை. இனி வட்டைக்குள்ளயும் ஓட்டலாம்” என்றான்.

2023 மாசி மாதம். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. படுவான்கரையில், புளுகுணாவைக் குளத்துப் பக்கம், அவனுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. இரண்டு நாள் அங்கே வாடியில் தங்கிவிட்டு வருவதுதான் திட்டம். வெள்ளவத்தையில் ஃபிளாட் வீட்டுக்குள் கிடந்த என்னை அதற்காகவே வரச் சொல்லியிருந்தான். வண்டியைப் பற்றி மட்டும் முன்கூட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் அது இன்னும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்தான். ஆகவே கார் கணக்கில் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. அந்த வருடத்தில் அது சிறிய சலுகை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோனதிலிருந்து நாட்டில் புது வாகனம் என்பது கேள்விப்படுகிற பொருளாகிவிட்டிருந்தது. கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்ததையெல்லாம் ஆட்கள் இழுத்து வெளியே போட்டுத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் இழுத்துப் போட்டது, யாரோ எப்போதோ மணல் பக்கியாக மாற்றி ஆசை தீர்ந்ததும் விட்டுப்போன ஒரு பீட்டிலை.

மணல் பக்கியின் கதை எனக்குப் பிடித்த கதை. கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கடற்கரை மணலில் ஓட்டுவதற்காக ஒரு வண்டி செய்தார். படகுக்கு அச்சு எடுக்கிற அதே முறையில் அச்சு எடுத்து, அதே கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கி வார்த்த உடல். பெயர் மேயர்ஸ் மாங்ஸ். கொஞ்ச நாளில், பழைய பீட்டிலின் அடித்தட்டை நடுவில் 14¼ அங்குலம் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் இந்த உடலைக் கவிழ்த்து போல்ட் பூட்டுவது என்று ஆனது. பீட்டிலைத் தெரிந்தெடுத்ததில் காரணம் உண்டு. எஞ்சின் பின்சில்லுகளுக்கு மேல் பாரமாக உட்கார்ந்திருப்பதால் மணலில் பிடி கிடைக்கும், காற்றால் குளிர்கிற எஞ்சின் என்பதால் ரேடியேற்றர் கிடையாது, அடி தட்டையானது. 1967-இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதலாவது ‘மெக்சிகன் 1000’ ஓட்டத்தில் ஒரு மாங்ஸ் 27 மணி 38 நிமிடத்தில் ஓடி முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். மேயர்ஸ் 2021-இல், 94 வயதில் காலமானார். படகுக்காரர் செய்த வண்டி என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

“அப்ப இத மணலுக்குத்தானே கொண்டு போகணும்?” என்று கேட்டேன்.

மச்சான் தலையாட்டினான். கடற்கரை மணல்மேட்டில் ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறானாம். மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். ஒரு தடவை சில்லு சுழன்றால் கொடி அறுந்துவிடும். அதன் பிறகு காற்று மேட்டை அள்ளிக்கொண்டு போகும். 2004 டிசம்பர் 26-ஐக் கல்லடியில் கண்டவன் அவன். மணல்மேடு அவனுக்கு விளையாட்டுத் திடல் இல்லை. பெயரில் மணல் வைத்திருக்கிற வண்டியைச் சேற்றுக்குக் கொண்டுபோகிற தர்க்கம் இப்படித்தான் உருவாகியிருந்தது.

விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காத்தான்குடி பிரதான வீதியின் நடுவில் ஈச்சை மரங்கள் வரிசையாக நின்றன. சந்தியில் நின்ற பிள்ளைகள் வண்டியைக் கண்டு கத்தினார்கள். ஆரையம்பதி தாண்டி மேற்கே கிறுகினால் மண்முனைப் பாலம். 2014-இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் ‘பாதை’தான். மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு என்று மட்டும் நினைக்கக்கூடாது. ஆளையும் வண்டியையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவைக்கும் அதுவே பெயர். வாவியை இங்கே யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறுதான். வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற அந்த ஆற்றுக்குக் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை, மேற்கே சூரியன் படும் படுவான்கரை. போர்க்காலத்தில், 2007 வரை, இரண்டு கரையும் இரண்டு நாடு மாதிரி. கடப்பதற்குக் காவலரண், சோதனை, காத்திருப்பு. இன்று பாலத்தின் மேல் மூன்றாவது கியரில் நாற்பதில் போகிறோம்.

பாடும் மீனைப் பற்றி எழுதாமல் மட்டக்களப்புப் பயணக் கட்டுரை எழுதக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதோ தெரியாது. நான் கேட்கவில்லை. காற்றால் குளிர்கிற எஞ்சின் தலைக்குப் பின்னால் இரைந்துகொண்டிருக்கும்போது மீன் அல்ல, மச்சானே பாடினாலும் கேட்காது.

பாலம் இறங்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் ஒரு கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பீட்டிலில் ஆசனமும் மிதிகளும் கியர்த்தடியும் கைத்தடுப்பும் அடித்தட்டோடு பூட்டியவை. உடலை மட்டும் தூக்கினால் இவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே மூன்று அங்குலம் உயர்ந்தது எனக்கு முன்னால் இருந்த டாஷ்போர்ட். நான் மூன்று அங்குலம் இறங்கியிருந்தேன். மச்சான் தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரேரிங் தண்டின் மேல்முனை உடலில், கீழ்முனை அடித்தட்டோடு சேர்ந்த பெட்டியில். இடையில் உள்ள ரப்பர் இணைப்பு புதிய கோணத்தில் நெளிந்து, இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ‘கறுக்’ என்றது. பெற்றோல் தாங்கி உடலோடு உயர்ந்ததால் குழாய் எட்டவில்லை. ஒட்டுத் துண்டு போட்டிருந்தான். பிரேக் எண்ணெய்க் கிண்ணத்துக்கும் அதே கதி.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். கொக்கட்டி மரத்தடியில் தானாகத் தோன்றிய லிங்கம் என்பது ஊரின் நம்பிக்கை. இங்குள்ள கல் நந்தி பறங்கியர் முன்னால் எழும்பிப் புல் தின்றதாகக் கதை சொல்வார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இது என்னத்தத் தின்னும்?” என்று கேட்டார்.

மகிழடித்தீவில் 1991-இல் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தைக் கடந்தபோது மச்சான் வேகத்தைக் குறைத்தான். இருவரும் பேசவில்லை.

தார் வீதி முடிந்து கிறவல், கிறவல் முடிந்து மண். வயல்வெளிக்குள் வெட்டு மெசினும் உழவு மெசினும் போய்வந்த தடம். மாரி மழை நின்று மூன்று கிழமைதான். தடத்தின் இரண்டு பள்ளத்திலும் சேறு இன்னும் காயவில்லை. நடுவில் வரம்பு மாதிரி ஒரு முதுகு, அதில் புல். மச்சான் உற்சாகமாக இரண்டாவது கியருக்கு மாற்றினான். நூறு யார் போயிருப்போம். அடியில் ஒரு நீண்ட உரசல், பிறகு ஒரு மெத்தென்ற நிறுத்தம். சில்லு நாலும் சுழன்றது போலச் சத்தம் வந்தது. சுழன்றது பின்சில்லு இரண்டுதான், அதுவும் சும்மா. வண்டி அந்த முதுகின் மேல் ஆமை கல்லில் ஏறிக் குந்தியதுபோல வயிற்றைக் கொடுத்துக் கிடந்தது. பாரத்தை மண் வாங்கிக்கொண்டால் சில்லுக்குப் பிடி எங்கிருந்து வரும்? மூன்று அங்குல வெளியை மறைக்க அவன் ஒட்டியிருந்த ரியூப் துண்டுகளைக் கிழித்துக்கொண்டு சேறு உள்ளே பாய்ந்து, என் சப்பாத்தை நிரப்பியது.

இறங்கி, படுத்துப் பார்த்தேன். அடித்தட்டு எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. உயர்ந்தது சட்டை, வயிறு உயரவில்லை.

இதைச் சொல்லிக் காட்டும் தைரியம் எனக்கு அப்போது வரவில்லை. வெயில் ஏறியிருந்தது. மச்சான் முகம் வேறு அப்படி.

அரை மணித்தியாலத்தில் ஒரு லேண்ட்மாஸ்டர் வந்தது. இரண்டே சில்லு, ஒரு எஞ்சின், பிடித்து ஓட்ட இரண்டு நீண்ட கை, பின்னால் நெல் மூட்டை ஏற்றிய பெட்டி. எப்போதோ பிரித்தானியாவிலிருந்து வந்த ஒரு கம்பனியின் பெயர், பிறகு வந்த ஜப்பான்காரனுக்கும் சீனாக்காரனுக்கும் சேர்த்து ஊர்ப்பெயராகிவிட்டது. அதற்கு உடல் என்றே ஒன்று இல்லை, தூக்குவதற்கு எதுவுமில்லை. ஓட்டிவந்தவர் அறுபதைத் தாண்டியவர். தலையில் துவாய். எங்களைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்:

“என்ன தம்பிமாரே, பெட்டிக் கோழி மாதிரி குந்திற்று?”

கயிறு போட்டு, பின்பக்கமாக இழுத்து எடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். போகிற போக்கில் வண்டியின் கீழே குனிந்து பார்த்து, “கட்டை மேல கிடக்கு, தட்டு கீழ கிடக்கு” என்றார். பிறகு வயலை நோக்கிக் கையைக் காட்டினார். “அந்தக் காலத்துல மாட்டு வண்டில்தான் இஞ்ச வரும். சில்லு நெஞ்சளவு. அச்சு சில்லுக்கு நடுவுல. எந்தச் சேறு அச்சுக்கு எட்டும், சொல்லுங்க பாப்பம்?”

வண்டில் சில்லின் பாதிதான் அச்சின் உயரம். ரயரிலும் அதே கணக்கு: விட்டத்தில் நாலு அங்குலம் கூட்டினால் வயிற்றுக்குக் கீழே கிடைப்பது இரண்டு அங்குலம். உடலை உயர்த்துகிறவர்கள் உண்மையில் அதற்காகத்தான் உயர்த்துகிறார்கள். பெரிய ரயர் போட்டால் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க மட்கார்டை மேலே கொண்டுபோக வேண்டும். உடலை உயர்த்துவது பெரிய ரயருக்கு இடம் ஒதுக்கும் வேலை. மச்சான் இடத்தை ஒதுக்கிவிட்டு விருந்தாளியை அழைக்க மறந்திருந்தான். பழைய ரயரிலேயே வந்திருந்தோம்.

அன்றிரவு வாடியில் படுத்தோம். உப்புப் புளி போட்ட குளத்து மீன் கறி, சோறு, தயிர். தூரத்தில் இரண்டு மூன்று தடவை யானை வெடி கேட்டது. காவலுக்கு இருந்தவர்கள் மாறி மாறிக் கூக்குரல் கொடுத்தார்கள். பரண் மேல் படுத்திருந்த பையன் ஒருவன் மட்டும் நிம்மதியாகக் குறட்டை விட்டான். தூக்கம் பிடிக்காமல் கிடந்தபோது ஒன்று தோன்றியது: வாடி, பரண், நெல் போடுகிற பட்டறை என்று இந்தப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் முதலில் கால் வைத்துத் தூக்கித்தான் கட்டுகிறார்கள். வெள்ளமும் யானையும் பழக்கிய பழக்கம். மச்சானுக்குக் கட்டை வைத்துத் தூக்கும் யோசனை யூடியூப்பில் இருந்து வந்ததென்று அவன் சொன்னாலும் நான் முழுதாக நம்பவில்லை.

அடுத்த நாள் காலை வண்டியை மெதுவாக, வரம்போரமாக ஓட்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுவந்தோம். தகரக் கொட்டில். உழவு மெசின் திருத்துகிற இடம். அதன் சொந்தக்காரரான அண்ணன் தன் இளவயதில் கொழும்பில் ஒரு பீட்டில் கராஜில் வேலை பழகியவராம். அது எங்கள் அதிர்ஷ்டம். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். ஒரு மரக்கட்டையின் அருகே விரலை வைத்தார். ஃபைபரில் போல்ட் ஓட்டையிலிருந்து மயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இன்னொரு கட்டையடியிலும். இன்னொன்றிலும்.

“பாரம் முழுக்க இந்தக் கட்டைகள்ள நிக்குது தம்பி. ஃபைபர் அப்பிடித் தாங்காது. சுத்திவர ஒரே சீரா நிக்கணும். பொக்ஸ் பார் அடிச்சு, ஒரு இஞ்சி போதும். அதுக்கு மேல உங்களுக்கு என்னத்துக்கு?”

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை நாளைக் கழித்தேன். கட்டைகளை எல்லாம் கழற்றினார். இருபது கட்டை. அடித்தட்டின் விளிம்பு முழுக்க ஒரு அங்குலப் பொக்ஸ் பாரை வளைத்து ஒட்டி, அதன்மேல் ரப்பர் பட்டி வைத்து, உடலை இறக்கினார். ஸ்ரேரிங் இணைப்பின் ‘கறுக்’ அந்தக் கணமே நின்றது. தலையணை தேவைப்படாமல் போயிற்று. ஆனால் வயிறு?

வயிற்றுக்கான இடம் பின்னால் இருந்தது. பழைய பீட்டிலுக்குச் சுருள் வில் இல்லை. பின்பக்கத்தில் குறுக்காக ஒரு குழாய். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு உருக்குத் தண்டு. வண்டி இறங்கும்போது அந்தத் தண்டு முறுகும், முறுகல் திரும்பும்போது வண்டி எழும்பும். தண்டின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் திருப்பினால் 9 பாகை. வெளியே ஒரு பல் திருப்பினால் 8 பாகைக்குச் சற்றே அதிகம். ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை எதிர்த்திசையிலும் ஒவ்வொரு பல் திருப்பினால் மிஞ்சுவது ஒரு பாகைக்கும் குறைவு. 40-உம் 44-உம் என்று வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்: இரண்டு முரட்டுப் பல் வரிசையை வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய அளவை எடுக்கும் தந்திரம். இதை அண்ணன் சுவரில் கரித்துண்டால் கீறிக் காட்டினார். நான் படித்த கேத்திரகணிதத்தில் இவ்வளவு தெளிவான பாடம் ஒன்று கிடையாது.

தண்டோடு பூட்டிய வில்தகட்டைத் தடுப்பிலிருந்து விடுவிக்கும் நேரத்தில் எங்கள் இருவரையும் கொட்டிலுக்கு வெளியே போகச் சொன்னார். முறுகி நிற்கிற தகடு வழுக்கினால் கால் எலும்பைக் கேட்காதாம். உள்ளே ஜக்கின் கிறீச்சும் சங்கிலியின் சத்தமும். பிறகு ‘டங்’ என்று ஒரு அடி. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் வாசலுக்கு ஓடினான். அண்ணன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று மச்சான் கேட்டதற்கு மறுத்துவிட்டார். இந்தப் பழைய மொடலில் பின் அச்சு கியர்பெட்டியடியில் மட்டும்தான் மடியும். வண்டியை அதிகம் தூக்கினால் சில்லின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுபட்டு, வளைவொன்றில் வேகமாகத் திருப்பும்போது அந்தச் சில்லு மடங்கி வண்டியைக் கவிழ்க்கும். “ரெண்டு இஞ்சி. மறுகா ரயர் ரெண்டு இஞ்சி தரும். முன்னுக்கு ரயர் தாறது மட்டும் போதும்.” ஊருக்குள்ளேயே யாரோ ஒருவரிடம் ஜீப்பில் கழற்றிப் போட்ட ரயர் நாலு கிடைத்தது. பூக்கள் கொஞ்சம் தேய்ந்தவைதான். அண்ணனுக்கு அது பிரச்சினையில்லை, “சேத்துக்குப் பூ, தாருக்குத் தேய்மானம்” என்றார்.

ஃபைபர் வெடிப்பை ஒட்ட அவர் கூப்பிட்டு அனுப்பியது ஒரு மீனவரை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் குவிந்தன. உதவியாக வந்த படகுகளில் ஓட்டை விழ, ஒட்டப் பழகியவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வெடிப்பின் முனையில் சின்ன ஓட்டை போட்டு, மேற்கொண்டு ஓடாமல் அதைக் கட்டினார். உரசி, நார்ப்பாயை வெட்டி வைத்து, பிசினைத் தூரிகையால் குத்திக் குத்தி இறக்கினார். நடுவில் ஒரு தடவை உடலைத் தட்டிப் பார்த்து, “இது தோணி மாதிரித்தான் கிடக்கு, கவிட்டு வச்ச தோணி” என்றார். நியூபோர்ட் பீச்சின் படகுக்காரரைப் பற்றி அவருக்குச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. “அதானே” என்றுவிட்டுப் பிசினைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்ததா என்று.

மூன்றாம் நாள் பிற்பகல் அதே வட்டைத் தடத்தில் போனோம். முதுகின் மேல் புல் அடித்தட்டை வருடுகிற சத்தம் கேட்டது. வருடியதோடு விட்டுவிட்டது. மச்சான் போய்த் திரும்பி, இன்னொரு தடவை போய்த் திரும்பினான். லேண்ட்மாஸ்டர்காரர் தூரத்து வரம்பில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார், வாழ்த்தோ கேலியோ தெரியவில்லை.

வந்த வழியால் திரும்பாமல் தெற்கே போவோம் என்றேன். பழுகாமம், வெல்லாவெளி, பிறகு மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று பெயர்பெற்ற முருகன் கோயிலடியில் நிறுத்தி, கும்பிட்டு, ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கிருந்து எதிர்க்கரைக் குருமண்வெளிக்குப் பாதை. கரைக்கும் மிதவைக்கும் நடுவில் ஒரு பலகைச் சரிவு. ஐந்தாறு மோட்டார் சைக்கிள், ஒரு முச்சக்கர வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு கூடை நண்டு. பாதைக்காரர் எங்கள் வண்டியின் பின்பக்கத்தை ஒரு கண்ணால் அளந்தார். பக்கியின் புகைக்குழாய் எஞ்சினுக்குக் கீழே, பின்னால் தாழ்ந்து தொங்குவது.

“பின்பக்கமா ஏத்துங்க தம்பி. முன்னுக்கு ஏறினா அக்கரையில இறங்கக்குள்ள வால் அடிபடும்.”

எங்களுக்குத் தோன்றவே தோன்றாத கணக்கு. மச்சான் திருப்பி, பின்கியரில் மெல்ல ஏற்றினான். புகைக்குழாய்க்கும் பலகைக்கும் இடையில் மூன்று விரல் போகுமளவு இடம் இருந்தது.

பாதை நகரத் தொடங்கியதும் காற்றுக்கு வண்டி சற்று அசைந்தது. கைத்தடுப்பை நம்பாத பாதைக்காரர், சில்லுக்கு வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஆசனத்துக்குப் பின்னால் உரப்பையில் கிடந்த பாலை மரக் கட்டைகளில் நாலை எடுத்துக் கொடுத்தேன். சில்லுக்கு முன்னும் பின்னும் செருகிப் பார்த்தவர், ஒன்றைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார், நகத்தால் கீறினார்.

“நல்ல கட்டை. இன்னும் இருக்கா?”

பதினாறு இருக்கிறது என்றான் மச்சான்.